ஆணி அடித்த கட்டில்

கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மரியரட்ணம் என்றொருவர் இருந்தார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவது அவர் தொழில்; மூங்கிலைப் புகழ்வது அதைவிடப் பெரிய தொழில். "மரம் முறியும், மூங்கி வளையும். பாரமும் தாங்கும், தூக்குனா கனமும் இல்ல" என்று கேட்டவரிடமும் சொல்வார், கேளாதவரிடமும் சொல்வார்.

காது கொடுக்காத ஒரே ஆள் மனைவி பவுலின். அதற்கு நியாயம் இருந்தது. வெள்ளைக்காரத் துரையைக் கேட்காமல் ஒரு மரத்தைத் தொட முடியாத காலம். அதனால் கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை ஆற்றோரத்துப் பச்சை மூங்கிலை வெட்டிக் கட்டில் செய்தார். பலகைக்கு அடிப்பதுபோல் ஆணியும் அடித்தார். மூங்கில் எதையும் தாங்கும், ஆணியை மட்டும் தாங்காது; நீளத்துக்குப் பிளந்துவிடும். காயக் காயச் சுருங்கிப் பிளந்தது. லயத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பராவில் தும்மினால் அடுத்த காம்பராவில் 'நூறு வயசு' என்பார்கள். கட்டில் விழுந்தால் கேட்கவும் வேண்டுமா?

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் சவரிமுத்துக் கங்காணி, "என்ன மரியரட்ணம், அடி கிடி படலியே?" என்று அக்கறையாக விசாரித்தார். அன்றிலிருந்து பவுலினுக்குப் பாய்தான். புருஷன் செய்த எதிலும் உட்காரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். வருஷக்கணக்கில் வாயால் சமாளித்தாலும், மரியரட்ணத்துக்கு அது உள்ளுக்குள் வலித்தது.

தோட்டத்து வேதக் கோயிலில் உட்காரும் மர வாங்கைக் கறையான் தின்று தீர்த்தபோது, "நான் செய்றேன் சாமி" என்று சாமியாரிடம் முந்திக்கொண்டார். இந்த முறை அவசரப்படவில்லை. முற்றிய மூங்கிலாகப் பார்த்து வெட்டினார். புழு அரிக்காதிருக்க ஓடையில் ஊறப்போட்டார். காயும்போது சுருங்கும் என்று பட்டுத் தெரிந்தவர் அல்லவா, நிழலில் நன்றாகக் காயவிட்டார். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளை போட்டு, மூங்கில் ஆப்பையே செருகி, கயிற்றால் இறுக்கினார்.

பூசையன்று, தோட்டத்திலேயே கனமான சவரிமுத்துக் கங்காணி முதலில் உட்கார்ந்தார். கோயிலே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. கிறீச்சென்றுகூடக் கேட்கவில்லை. மரியரட்ணம் பீடத்தைப் பார்க்காமல், பெண்கள் பக்கம் பாயில் இருந்த பவுலினையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பவே இல்லை.

எல்லோரும் போன பிறகு, மறந்து வைத்த குடையை எடுக்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பவுலின் வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மெல்ல நடுவுக்கு நகர்ந்தாள். இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தாள். புருஷனைக் கண்டும் எழுந்துகொள்ளவில்லை.

"ஏங்க," என்றாள், "ஒரு கட்டிலுக்கு எத்தன மூங்கி வேணும்?"