பேத்தியின் பள்ளிக்கூடத்தில் நான் பாடிய புலம்பல்

என் பேத்திக்கு முதல் வேலை வடக்கே, ரோட்டு முடிகிற இடத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. கிளென் ஈடனில் எங்கள் வீட்டிலிருந்து காரில் ஐந்து மணித்தியாலம். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் மாடு. கடை என்றால் டெயரி என்று சொல்கிற ஒரேயொரு சின்னக் கடை. அங்கே பால் இருக்கிற நாளில் பாண் இருக்காது. வேலையும் ஒரு டேர்முக்கு, பத்துக் கிழமைக்குத்தான். பிடித்திருந்தால் வைத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

என் மகளுக்கு, அதாவது அவளுடைய தாய்க்கு, இது துண்டாகப் பிடிக்கவில்லை. பாபகூராவில் ரெயிலில் போய்வரக்கூடிய பள்ளிக்கூடங்கள் இருக்க, படித்த பிள்ளை ஏன் அந்தக் காட்டுக்குப் போகவேண்டும் என்று ஒரு கிழமையாகச் சமையலறையில் நின்று கதைத்தாள். பேத்தி மறுத்துக் கதைக்கவில்லை. கதையைக் கேட்டுக்கொண்டே சூட்கேசை அடுக்கினாள். அவள் அப்படித்தான், சத்தம் போடாமல் நினைத்ததைச் செய்கிற பிள்ளை. கடைசியில் தாய் ஒரு நிபந்தனை போட்டாள்: அம்மம்மாவும் கூடப் போகவேண்டும், காவலுக்கு. படியில் கைப்பிடி இல்லாமல் இறங்கத் தெரியாத என்னை யாருக்குக் காவல் வைத்தாளோ தெரியாது. எனக்கென்றால் ஒரே சந்தோஷம். ரைஸ் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

அங்கே ஒரு வழக்கம். அந்த ஊரில் பெரும்பாலானவர்கள் மாவோரி ஆட்கள், இந்த நாட்டின் ஆதிக் குடிகள். புதிதாக வருகிற ரீச்சர் தனியாக வரக்கூடாது. அவளுடைய சனம் கூட்டிவந்து, இந்தாருங்கள் எங்கள் பிள்ளை என்று கையளிக்கவேண்டும். வந்தவர்கள் பக்கத்தில் ஒருவர் எழும்பிப் பேசவேண்டும். பேச்சு முடிந்தால் அந்தப் பக்கத்தார் எழும்பி நின்று ஒரு பாட்டுப் பாடவேண்டும். பாடாவிட்டால் பேச்சு முடிந்த கணக்கில்லை. இதெல்லாம் பேத்தி காரிலேயே விளக்கமாகச் சொன்னாளாம். நான் மாடு பார்த்துக்கொண்டு வந்தேன்.

எங்களிடம் பேச ஆளில்லை என்று பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற மனிதர் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தார். பேச்சை இரவல் தரலாமாம், பாட்டைத் தர முடியாதாம்.

பள்ளிக்கூடப் படலையில் நாங்கள் நிற்கிறோம். உள்ளேயிருந்து ஒரு கிழவி குரல் எடுத்தா. என்ன குரல்! இழுத்து, நடுங்கி, நெஞ்சுக்குள்ளேயிருந்து வந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பெண்கள் எல்லாரும் கறுப்பு உடுப்பு. ஒருத்தி தலையில் பச்சை இலை சுற்றியிருந்தா. இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். உள்ளே வரிசை வரிசையாகக் கதிரை போட்டு எங்களையும் இருத்தினார்கள். நீங்களே சொல்லுங்கள், மன்னாரில் பிறந்தவள் ஒருத்தி இதைப் பார்த்து என்ன நினைப்பாள்? செத்தவீடு என்று நினைத்தேன். பாவம் பிள்ளை, வேலைக்கு வந்த முதல் நாளே இப்படியா என்று சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டேன். ஒரு வயதானவர் எழும்பி வானத்தைப் பார்த்துத் தழுதழுத்துப் பேசினார். எனக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

பஸ்காரர் பேசி முடித்தார். பேத்தி எழும்பி என் முழங்கையைப் பிடித்தாள்.

"அம்மம்மா, பாடுங்கோ. முழுசாத் தெரிஞ்ச ஒண்டு."

"செத்தது ஆர், பிள்ளை?" என்று கேட்டேன். அவள் காதில் விழவில்லை. முன்னால் பார்த்துச் சிரித்தபடி நின்றாள்.

தவக்காலத்தில் எங்கள் கோயிலில் பாடுகிற மாதா புலம்பலை எடுத்தேன். தாய் மகனுக்காக அழுகிற பாட்டு. எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, பாட்டெல்லாம் காதால் படித்ததுதான், ஆனால் படித்தது ஒன்றும் தவறாது. ஏழு அடியையும் பாடினேன். திரும்பிப் பார்த்தேன். பேத்தியின் முகம் வெளிறிப் போயிருந்தது.

"அம்மம்மா, இது வெல்கம். ஒருத்தரும் சாகேல்லை."

எனக்கு எங்கே போய் முகத்தை வைப்பதென்று தெரியவில்லை. பிள்ளையின் வேலையை ஒரு பாட்டால் கெடுத்துவிட்டேனே என்று உட்காரக் கதிரையைத் தேடினேன். அதற்குள் அந்தக் குரல் எடுத்த கிழவி எழும்பி வந்து என் இரண்டு தோளையும் பிடித்து, அவர்கள் வணக்கம் சொல்கிற முறைப்படி மூக்கோடு மூக்கு வைத்து அப்படியே நின்றா. அவவின் கன்னம் நனைந்திருந்தது. யாருக்காக அழுதீர்கள் என்று பேத்தி மூலமாகக் கேட்டா. ஒரு தாய் மகனுக்காக அழுதது என்றேன். தனக்கும் ஒரு மகன் அந்த மேட்டுக் கல்லறையில் கிடக்கிறான் என்று கை காட்டினா. இங்கே முதலில் இரண்டு பக்கத்துச் செத்தவர்களுக்கும்தான் வணக்கம், பிறகுதான் உயிரோடு இருக்கிறவர்களுக்கு என்றா. நான் வழக்கம் தெரிந்துதான் பாடினேன் என்று அவ நினைத்தா. நானும் திருத்தப் போகவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ரீச்சருக்கு ஒரு வீடு. குசினி யன்னலில் நின்றால் வகுப்பே தெரியும். அந்த யன்னலில் நின்றுதான் என் பேத்தி யார் என்று பார்த்தேன். எங்கள் வீட்டில் தமிழில் கேட்டால் இங்கிலீசில் பதில் சொல்கிற பிள்ளை, அங்கே காலையில் படலையில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் அவர்கள் மொழியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான், ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது. பிள்ளைகள் வெறுங்காலோடு, ஈரத் தலையோடு வருவார்கள். ஐந்து வயதும் எட்டு வயதும் ஒரே அறையில். ஒருத்தன் வாயே திறக்க மாட்டான். அவனை அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவன் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து பென்சில் சீவினாள். நாள்தோறும் சீவினாள். ஒரு நாள் அவன் தன் பென்சிலை நீட்டினான். வீட்டில் ஒரு தேத்தண்ணி ஆறும்வரை பொறுக்காத பிள்ளை இவள்!

மழை பெய்தால் ரோட்டில் மண் சரிந்துவிடும், பஸ் வராது. அன்றைக்கு நடந்து வந்த நாலு பேருக்கும் நாள் முழுக்கப் பாடம் எடுப்பாள். பின்னேரங்களில் யாரோ கதவுப் பிடியில் மீனைப் பையில் தொங்கவிட்டுப் போவார்கள், தட்டவும் மாட்டார்கள். நான் குழம்பு வைத்து அனுப்பினால் அடுத்த நாள் சட்டி கழுவி வரும். பஸ்காரர் மட்டும் உறைப்பில் வேர்த்து ஒழுகிக்கொண்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

எல்லாம் சரி, ஒன்றுதான் உறுத்தியது. ஏழு வயதுப் பெட்டைப் பிள்ளை ஒன்று இரண்டு நாளைக்கு ஒருமுறை பேத்தியிடம் வந்து, மிஸ் எப்போது போகப் போகிறீர்கள் என்று கேட்கும். பஸ் எத்தனை மணிக்கு என்பதுபோல, ஒரு கோபமும் இல்லாமல். அவளுக்குத் தெரிந்த ரீச்சர்மார் எல்லாரும் போனவர்கள்தான். என் மகளோ போனில், பாபகூராவில் ஒரு இடம் காலியாகிறது, விண்ணப்பம் போட்டுவிடு என்று நச்சரித்தாள். தலைமை ஆசிரியையும் அவளை வைத்துக்கொள்வதா இல்லையா என்று ஒன்றும் சொல்லவில்லை. ஊர்ச்சனத்தைக் கேட்டுத்தான் சொல்வாவாம். பேத்தி கவலையை எனக்குக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் சாப்பாடு குறைந்துவிட்டது.

பிள்ளைகள் என் பாட்டை விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் என்னை வகுப்புக்குக் கூப்பிட்டார்கள். பேத்தி அதை இங்கிலீசு எழுத்தில் வகுப்புப் பலகையில் எழுதிவிட்டு, பிள்ளைகளுக்கு நடுவில் தானும் நிலத்தில் உட்கார்ந்து பாடமாக்கினாள். எத்தனை தவக்காலம் கோயிலில் பக்கத்தில் இருத்தியும் படிக்காதவள்! மாதா புலம்பலை ஊஞ்சலில் ஆடிக்கொண்டு பாடிய பிள்ளைகளை வேறு எங்கேயும் பார்த்திருக்க மாட்டீர்கள். மாதாவுக்கும் சிரிப்பு வந்திருக்கும்.

டேர்ம் முடிந்து என்னைக் கூட்டிப்போக மகள் வந்தாள். பேத்தியையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போகிற எண்ணத்தில்தான் வந்தாள். என்னை வழியனுப்ப அதே கதிரைகள், அதே கறுப்பு உடுப்பு. கிழவி ஊர்ச்சனத்தின் பக்கத்தில் எழும்பி என்னைப் பற்றிப் பேசினா. பேச்சு முடிந்ததும் பாட்டு வேண்டுமே என்று நான் தொண்டையைச் செருமினேன்.

நான் எழும்புவதற்கு முதலே ஊர்ச்சனத்தின் பக்கத்திலிருந்து பேத்தி எழும்பினாள். புலம்பலின் முதல் அடியைத் தமிழில் எடுத்தாள். இரண்டாவது அடிக்கு அந்த ஏழு வயதுப் பெட்டை எழும்பி அவள் பக்கத்தில் போய் நின்றாள். பிறகு பென்சில்காரன். பிறகு எல்லாரும் கதிரையை விட்டு எழும்பி அவளுக்குப் பின்னால் நின்றார்கள். அங்கே யாருக்குப் பின்னால் நிற்கிறார்களோ அவர் அவர்களுடைய ஆள். அதை எனக்கு ஒருவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மகளுக்கும்தான்.

பாடி முடிந்ததும் தலைமை ஆசிரியை, வருகிற டேர்முக்கும், அதற்குப் பிறகும் இருக்கச் சொன்னா. பெட்டை என்னிடம் வந்து ஏதோ சொன்னாள். பேத்தி சிரித்துக்கொண்டு மாற்றிச் சொன்னாள்: "உங்களைப் போகட்டாம். மிஸ் நிக்கட்டாம்."

திரும்பி வரும்போது மகள்தான் கார் ஓட்டினாள். பாபகூராவைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் மாடு பார்த்துக்கொண்டு வந்தேன்.

"அவளுக்கு மூண்டாவது அடியில இழுவை காணாது," என்றாள் கடைசியில்.

"ஓம். அதை நீயே போய்ச் சொல்லிக் குடு," என்றேன்.

"அடுத்த லீவுக்குப் போவம். அந்த பஸ்காரருக்குக் கறித்தூள் ஒரு போத்தல் கட்டவேணும்," என்றாள்.