புளியங்குடி பஸ்ஸை விட்டவர்

எழுதச் சோம்பல்பட்டு இதை விட்டுவிடத்தான் இருந்தேன். அந்த மனுஷன் மனதை விட்டுப் போகவில்லை.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் புளியங்குடி பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்தில் ஒல்லியான ஒருவர், மடியில் லேப்டாப்போடு, கட்டைவிரலால் போனைத் தட்டிக்கொண்டே இருந்தார். பஸ் நேரம் சொல்லும் ஆப்பை அவரே செய்திருக்கிறார். அதில் தட்டினால் மாறும் இரண்டு பக்கங்கள், அவர் பாஷையில் டேப்: ஒரு டேப்பில் நேரம், அடுத்ததில் ஊர்கள். அதை நம்பி அவரே ஒரு பஸ்ஸைத் தவறவிட்டிருந்தார். அன்றைக்குத்தான் புளியங்குடியில் மினிபஸ் முதலாளிகள் அதைப் பார்த்துச் சரி சொல்வதாக இருந்தது.

"பெத்த பிள்ளையே ஏமாத்திட்டுதோ, அண்ணாச்சி?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "அடுத்த டேப்புக்குப் போயிட்டுத் திரும்பினா, இது புதுசாத் திறக்கல வே. பின்னால கெடந்தது முன்னால வருது. வந்தது அதுக்கே தெரியாம பழைய நேரத்தக் காட்டுது. இப்ப, கண்ணுல படும்போதெல்லாம் புதுசாக் கேக்கச் சொல்லியிருக்கேன்."

அடுத்த புளியங்குடி பஸ் வந்தது. அவர் எழவில்லை.

"ஏறுங்க, அங்க காத்திருப்பாங்கல்லா!"

"இது போனாத்தான நேரம் மாறுதான்னு தெரியும். தப்பாக் காட்டுறதுக்கு லேட்டாப் போறதே மேல்."

பஸ் போனது. ஊர்கள் டேப்பைத் தொட்டுவிட்டு நேரத்துக்குத் திரும்பினார். அதற்கடுத்த பஸ்ஸின் நேரம் வந்திருந்தது. சிரிக்கக்கூட இல்லை, மறுபடியும் தட்டிப் பார்த்தார்.

பிறகு நண்பன் ஒருவனிடம் இதைச் சொல்லி, இப்படியும் ஒரு ஆளா என்று வியந்தேன்.

"அவரு ஆப்புக்காக விட்டாரு, நீ எதுக்குலே பஸ்ஸ விட்ட?" என்றான்.