சுமொந்தா அக்காவை மறுத்த ரம்பாய்

ஜன்னல் திரைக்குத் துணி வாங்கப் போனவள்தான் ரம்பாய். அன்றைக்கு, தெற்குத் தாய்லாந்தில் இருக்கும் எங்கள் ஹட்யாய் நகரத்து ஷாப்பிங் மாலின் தரைத்தளத்தில் கிராஸ்வேர்டு போட்டி நடந்துகொண்டிருந்தது. ஆங்கில எழுத்துக் கட்டைகளைப் பலகையில் கோத்து வார்த்தை அமைக்கிற ஆட்டம். புதியவர்கள் பிரிவில் ஒரு ஆள் குறைந்தது. யாராவது வந்து உட்கார முடியுமா என்று மைக்கில் கெஞ்சினார்கள். வேன் ஓட்டுகிற அவள் கணவன் பிரீடா, முதுகில் கை வைத்துத் தள்ளினான்.

“போய் உக்காரு. துணிய நான் பாத்துக்கறேன்.”

“எனக்கு இங்கிலீஷ் பேசவே வராதுங்க.”

“அங்க யாரு பேசறா? எல்லாம் வாயை மூடிக்கிட்டுத்தானே ஆடுதுங்க.”

எல்லா ஆட்டத்திலும் தோற்றாள். துணியும் தப்பான நிறத்தில் வந்து சேர்ந்தது. ஆனால் கடைசி ஆட்டத்தில், தெருவுக்குத் தெரு போர்டில் தொங்குகிற ‘மசாஜ்’ என்ற வார்த்தையைக் கையிலிருந்த ஏழு கட்டைகளாலும் இறக்கியபோது, எதிரே இருந்தவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். தண்ணீர் வரி ஆபீஸ் கவுன்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அவளை, யாராவது அப்படிப் பார்த்து எத்தனை வருடம் ஆகியிருக்கும்?

அந்தப் பார்வைக்காகவே படிக்க ஆரம்பித்தாள். எங்கள் ஊரில் இந்த ஆட்டத்துக்காக யாரும் வார்த்தைகளின் அர்த்தம் படிப்பதில்லை. எழுத்துகளின் வரிசையைப் படிப்பார்கள், கோலத்தை மனதில் வாங்குவது போல. சிக்னலில் வேன் நிற்கும்போதெல்லாம் பிரீடா எழுத்துகளைக் கலைத்துச் சொல்வான், அவள் கோத்துக் கொடுப்பாள். புருஷனும் பெண்டாட்டியும் ஏதோ பிரார்த்தனை செய்கிறார்கள் என்று பின்னால் உட்கார்ந்த பயணிகள் நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டு மழைக்காலம் போனபின் தேர்ந்த ஆட்டக்காரர்கள் பிரிவில் பெயர் கொடுத்தாள். முதலிடம் பிடிக்கும் ஒரே ஒருவர் நகரத்தின் சார்பில் பாங்காக் போகலாம். ரம்பாய் அதற்கு ஆசைப்பட்டாள். வெளியில் சொல்லத்தான் கூச்சம்.

போட்டியன்று காலையில் அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தது அவளுடைய ஆபீஸ் தலைவி சுமொந்தா அக்கா. இருபது வருடமாக ஆடுகிறவர். ஆட்டத்தின் நடுவே அக்கா ஒரு நீளமான வார்த்தையை வைத்தார். அப்படி ஒரு வார்த்தை கிடையாது என்பது ரம்பாய்க்கு நன்றாகத் தெரியும். மேசையிலிருந்த ஆட்டக் கடிகாரத்தை நிறுத்தி மறுத்திருக்க வேண்டும். மறுக்காவிட்டால் இல்லாத வார்த்தைக்கும் புள்ளி உண்டு. ஆனால் மூத்தவர், தலைவி, சுற்றிலும் ஆட்கள். ரம்பாய் தலையைக் குனிந்தபடி புள்ளிகளை எழுதிக்கொண்டாள். அந்த ஆட்டத்தில் தோற்றாள்.

மதியம் மூவரும் பொரித்த கோழியும் ஒட்டரிசிச் சோறும் சாப்பிடும்போது பிரீடா சும்மா இருக்கவில்லை.

“அக்கா, காலையில நீங்க வெச்சது இல்லாத வார்த்தையாமே. இவ சொன்னா.”

அக்காவின் கை சோற்றிலேயே நின்றது.

“தெரிஞ்சுமா சும்மா இருந்தே?”

“எல்லார் முன்னாடியும் எப்படிக்கா… நீங்க மூத்தவங்க.”

“ஆபீஸ்ல மரியாதை குடு, வாங்கிக்கறேன். பலகை முன்னாடி எனக்குப் பிச்சை போடாத.” அக்காவின் குரல் உடைந்தது. “இருபது வருஷத்துல இன்னும் எத்தனை பேரு இப்படி விட்டுக் குடுத்தாங்களோ. நான் ஜெயிச்சதுல எது நான் ஜெயிச்சதுன்னு இப்ப யாரைப் போய்க் கேக்கறது?”

கோழியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

அதன்பிறகு ரம்பாய் ஒரு ஆட்டம் கூடத் தோற்கவில்லை. அக்காவும் தோற்கவில்லை. முன்னணியில் இருக்கும் இருவரைக் கடைசிச் சுற்றில் மறுபடி மோதவிடுவது இங்கே வழக்கம். ரம்பாய் இந்த ஆட்டத்தை ஜெயித்தால் பாங்காக் அவளுடையது, தோற்றால் அக்காவுடையது.

அக்கா அவளைப் பார்க்கவே இல்லை. கட்டைகளைப் பலகையில் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ரம்பாய் கொஞ்சம் முன்னால் இருந்தாள். பையில் கட்டைகள் தீர்ந்துகொண்டிருந்தபோது அக்கா ஏழையும் இறக்கினார். இந்த வார்த்தையை ரம்பாய் பார்த்ததில்லை. ஆனால் பார்க்காத வார்த்தைகள் எத்தனையோ உண்டு. மறுத்து, அது சரியான வார்த்தையாக இருந்துவிட்டால் இவள் முறை போய்விடும். ஆட்டமும் பாங்காக்கும் கூடவே போகும்.

எதிரே முகம் தெரியாத யாரோ இதை வைத்திருந்தால் என்ன செய்வேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். நிறுத்தியிருப்பாள். நிச்சயம் நிறுத்தியிருப்பாள்.

இரண்டு கைகளையும் குவித்து அக்காவை வணங்கினாள். வணங்கிய கையாலேயே கடிகாரத்தை நிறுத்தினாள்.

“சேலஞ்ச், அக்கா.”

பக்கத்து மேசைகளில் தலைகள் திரும்பின. இருவரும் எழுந்து நடுவர் கணினிக்குப் போனார்கள். அக்காதான் எழுத்துகளைத் தட்டினார், ஒவ்வொன்றாக. திரை சிவந்தது. இல்லாத வார்த்தை.

அக்கா திரும்பியபோது கண்ணில் நீர் இருந்தது, உதட்டில் சிரிப்பு.

“வா, இன்னும் முடியல. மீதிய ஆடு. விட்டுக் குடுத்தே, தொலைச்சுடுவேன்.”

ரம்பாய் விட்டுக்கொடுக்கவில்லை. முடிவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டதும் சுமொந்தா அக்கா, தன்னைவிடச் சின்னவள் முன்னால், தானே முதலில் கைகுவித்தார். அந்தக் கூடத்தில் அதை யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலை கவுன்டரில் கூட்டம். அக்கா தன் அறையை விட்டு வந்து ரம்பாயின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். வரி கட்ட வந்த மீன் உருண்டைக் கடைக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

“இவ யாரு தெரியுமா? நம்ம ஊருக்காக பாங்காக் போறா.”

“அப்படியா? கடைசி ஆட்டத்துல யாரை ஜெயிச்சா?”

“என்னைத்தான்.”

“அடடா, நீங்க தோத்துட்டீங்களாக்கா?”

“தோத்தேன். மறைக்க என்ன இருக்கு? இந்த ஊர்ல என்னை நேருக்கு நேரா நின்னு ஜெயிச்சவ இவ ஒருத்திதான்.”

ரம்பாய் கண்களைத் துடைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, அடுத்த எண்ணை உரக்கக் கூப்பிட்டாள்.