கல்வராயன் மலைக்குத் தூங்கிக்கொண்டே போன கதை

லண்டன் வாடிக்கையாளர்களுக்குப் போனில் பதில் சொல்லும் வேலை எனக்கு. ஷிப்ட் முடிந்ததும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளையாட்டு உண்டு. களைப்புக்கு அந்த ஊர்க்காரர்கள் சொல்கிற வார்த்தைகளில் ஒன்றை ஆளாளுக்குப் போட வேண்டும். நாக்கர்டு, ஷாட்டர்டு, ஜோங்க்டு, டெட் பீட். ஏற்கெனவே வந்ததைப் போட்டால் டீ செலவு நம்முடையது. போன வியாழன் நிஜமாகவே எழுந்திருக்க முடியாமல், "டெட். சத்தியமா முடியலப்பா" என்று போட்டேன். "டெட் போன வாரமே வந்தாச்சு, டீ எடு!" என்று பதில். எல்லோரிடமிருந்தும் சிரிப்பு பொம்மை வேறு. என்னடி ஆச்சுன்னு ஒரு ஜென்மம் கேட்கவில்லை. சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன்.

சென்னையிலிருந்து கள்ளக்குறிச்சி ஐந்தரை மணி நேரம். அங்கிருந்து மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்கு பஸ், பதினொரு மணிக்கு. கச்சிராயபாளையம் வரை இரண்டு பக்கமும் கரும்பு. அங்கே ஏறிய அம்மா ஒருவர், நின்றபடியே கருவாட்டுப் பையை என்னிடம் நீட்டினார்.

"இத்த மடில வெச்சிக்கம்மா."

நம்ம பஸ்களில் உட்கார்ந்தவர் மடி ஊருக்கே பொதுவாச்சே! வாங்கிக்கொண்டேன். பக்கத்து சீட் காலியானதும் அவர் உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் மலைப்பாதை எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். ஒரு வளைவைக்கூடப் பார்க்கவில்லை.

கண் விழித்தால் வெள்ளிமலை. என் தலை அந்த அம்மாவின் தோளில். கண்டக்டர் சிரித்தார். "இவங்க ரெண்டு ஸ்டாப்பிங் முன்னாடியே எறங்கியிருக்கணுங்க. ஒங்கள எழுப்பப் போனா என்னிய அதட்டறாங்க."

"ஏம்மா, எழுப்பியிருக்கலாமே!"

"அப்பிடி அசந்து தூங்கிக்கினு இருந்த, எப்பிடி எழுப்பறது? இன்னா, வூட்ல தூங்கறதே இல்லியா நீ?"

பொலபொலவென்று அழுதுவிட்டேன். "மொதல்ல போயி சோறு துண்ணு" என்று சொல்லி, பையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த வழியே நடந்தார். பேர்கூடக் கேட்கவில்லை நான்.

சாப்பிட்ட கடையில் சிக்னல் கிடைத்தது. குழுவில் எனக்கு ஒரே செய்தி: "இன்னிக்கு உன் வார்த்தை எங்கே?" போனைப் பையில் போட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்தேன்.

போகிறவர்களுக்கு: கீழே இறங்கும் கடைசி பஸ் எப்போது என்று கண்டக்டரிடமே கேட்டு வையுங்கள். குளிருக்கு ஒரு சால்வை போதும். அருவிகளைப் பற்றி வேறு யாராவது எழுதியிருப்பார்கள், நான் போகவில்லை.

திரும்பும்போது ஜன்னல் சீட்டே கிடைத்தது. பக்கத்தில் யாரும் இல்லை. கச்சிராயபாளையம் வரை கண்ணை மூடிக்கொண்டே வந்தேன், தூக்கம் வரவில்லை.