அடியில் துளை போட்ட பன்னீர்ச்செம்பு

சண்டைக் காலத்தில் முஸ்லிம்கள் என்று எங்களை மன்னாரை விட்டுத் துரத்தியபோது உம்மா பிள்ளைத் துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்த ஒரே வெள்ளிச் சாமான் அந்தப் பன்னீர்ச்செம்பு. புத்தளத்து அகதி முகாமில் எந்தக் கொட்டிலில் கலியாணம் என்றாலும் அதுதான் போகும். திருப்பித் தரும்போது பன்னீர் நிரப்பித் தருவார்கள். கொடுத்த செம்பை வாய்விட்டுக் கேட்பது எங்களுக்கு வெட்கக்கேடு.

சண்டை முடிந்ததும் கற்பிட்டிக் கரையில் ஹோட்டல்கள் முளைத்தன. ஒரு ஹோட்டல்காரரின் மனைவி, தம்பியின் கலியாணத்துக்கென்று செம்பை வாங்கிப் போனாள். ஒரு வருடம் கேட்காமலே காத்திருந்தேன். பிறகு அவர்களுடைய ஹோட்டலுக்கு இடியப்பம் கொடுக்கப் போன அன்று, வாசலோடு இருந்த மேசையில் அதைக் கண்டேன். அடியில் துளை போட்டு, வயர் இழுத்து, தலையில் பல்ப் மாட்டியிருந்தார்கள்.

"சும்மா கிடந்த சாமான்தானே ராத்தா. இப்ப பாருங்க, எவ்வளவு வடிவா இரிக்கி," என்றாள் ஹோட்டல்காரரின் மனைவி.

சும்மா கிடந்ததாம். எத்தனை மாப்பிள்ளைமாருக்குப் பன்னீர் தெளித்த செம்பு. ஆனால் நான் தலையாட்டி "ஓம்" என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக இன்றும் என் நாக்கின்மீது எனக்கு ஆத்திரம்.

என் மகளின் கலியாணத்தில் பிளாஸ்டிக் போத்தலால்தான் பன்னீர் தெளித்தேன். முதல் ஆளாக வந்து பன்னீருக்குக் கையை நீட்டியவள் அந்த ஹோட்டல்காரரின் மனைவி.