பொருந்தாத எண்

ஈரக் கரியும் காய்ந்த பூண்டும் கலந்த ஒரு வாடை, அட்டுவம்பட்டியில் வேலுவின் வீட்டுப் பூண்டுக் கொட்டகையில் எப்போதும் இருக்கும். நாங்கள் 'மஞ்சு' என்று சொல்லும் மூடுபனி இறங்கிய நடுப்பகலில் கொட்டகை கண்ணுக்குத் தெரியாது. உள்ளிருந்து ஒரு குரல் மட்டும் வரும். "பொருந்துது." சற்றுப் பொறுத்து மறுபடியும், "பொருந்துது."

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் கொடைக்கானலில் ஒரே வகுப்பில் படித்தோம். சமன்பாடு சில எண்களுக்கு மட்டுமே சரியாக வரும், முற்றொருமை எந்த எண்ணை இட்டாலும் சரியாக வரும் என்று சொல்லி, x-உடன் ஒன்றைக் கூட்டி வர்க்கப்படுத்தும் சூத்திரத்தை ஆசிரியர் கரும்பலகையில் எழுதியபோது, கையால் செய்து பார்க்காத எதையும் நம்பாத வேலு எழுந்து, "எல்லா எண்ணையும் யாரு சார் போட்டுப் பாத்தது?" என்றான். வகுப்பே சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை, இப்படிக் கேட்பவன்தான் கணிதம் படிக்க வேண்டும் என்றார். அதுவரை கணக்கில் முதலாவதாக இருந்த எனக்கு அது பொறுக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் சொன்னேன்: "ஏலே வேலு, ஒரே ஒரு எண்ணுக்கு மட்டும் அது பொருந்தாதாம். எங்க அத்தா வாங்கியாந்த புத்தகத்துல போட்டுருக்கு. நீதான் பெரிய ஆளாச்சே, கண்டுபிடி பாப்போம்."

அன்றே தொடங்கிவிட்டான். ஒவ்வோர் எண்ணாகச் சூத்திரத்தில் இட்டு, "பொருந்துது" என்று சொல்லிச் சொல்லி எழுதியதில், கொட்டகைச் சுவரெல்லாம் கரி எண்கள் ஏறின. சுவர் நிறைந்ததும் கதவில் எழுதினான். பள்ளிக்கு வருவது நின்றது.

ஒருநாள் அவன் தாய் என்னைத் தேடி எங்கள் கடைக்கு வந்தார். என் அப்பா, அத்தா என்றுதான் கூப்பிடுவேன், தராசைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒரு எண்ணு இருக்குன்னு சொன்னீங்களாமே. அது எதுன்னு சொல்லிப்புடுங்க. புள்ளைக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ரொம்பப் பெரிய எண்ணும்மா," என்றேன்.

"அப்பச் சரி, போயிச் சொல்லுறேன்," என்று அவர் வெரசாக நடந்தார்.

வேலு அந்த ஆண்டு தேர்வு எழுதவில்லை, பிறகும் எழுதவில்லை. நான் எழுதினேன், கல்லூரியில் கணிதம் கற்பித்து ஓய்வும் பெற்றேன்.

இன்று வேலு இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் ஒரு விடுதி நிற்கிறது. போன மழைக்காலத்தில், மஞ்சு இறங்கிய ஒரு பகலில் அங்கே போய், அந்தத் தாயிடம் சொல்லாமல் விட்டதை விடுதிச் சுவரைப் பார்த்துச் சொன்னேன்: அப்படி ஓர் எண் இல்லை. சொல்லி முடித்த பின்னும் கால் நகரவில்லை. எதிரே நின்ற ஜீப்பின் எண்ணை என் மனம் தானாக எடுத்துச் சூத்திரத்தில் இட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. பொருந்தியது.

அடுத்த ஜீப்பின் எண்ணைப் பார்த்தேன்.