கேரியரில் கட்டிய கோடிச் சேலை

யுத்த காலத்தில் எங்கள் பக்கத்து ரோடுகள் எல்லாம் சரளை. பொன்னமராவதியிலிருந்து எந்தத் திசையில் போனாலும் மேடும் பள்ளமும்தான். ஒரு கண்மாயை நோக்கி இறங்கும் சரிவு, அதைத் தாண்டியதும் பொட்டலில் ஏறும் ஏற்றம், உச்சியில் ஒரு பாறை, மறுபடி சரிவு. மாட்டு வண்டிகள் போய்ப் போய் இரண்டு பக்கமும் தடம் விழுந்திருக்கும். நடுவில் சிவப்புச் சரளை குவிந்து கிடக்கும். சைக்கிளில் போகிறவன் வண்டித் தடத்தை விட்டு விலகக் கூடாது. ஏற்றத்தில் விலகினால் சக்கரம் புதையும். இறக்கத்தில் விலகினால் முழங்கையில் தோல் மிஞ்சாது.

எனக்கு அப்போது இருபது வயது இருக்கும். பஸ்ஸில் வரும் பத்திரிகைக் கட்டைப் பொன்னமராவதியில் வாங்கி, சுற்றுக் கிராமங்களுக்குச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. பெட்ரோல் தட்டுப்பாட்டால் பஸ் கரிவாயுவில் ஓடியது. வராத நாளும் உண்டு. புது டயர் கண்ணிலேயே படாது. என் பின் டயர் கிழிந்த இடத்தில், உள்ளே ஒரு பழைய டயர்த் துண்டை வைத்து மேலே கயிற்றால் சுற்றியிருந்தேன். கயிறு இடித்ததால் பின் பிரேக்கைக் கழற்றிப் போட்டுவிட்டேன். சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை தட்டும். அந்தச் சத்தத்தை வைத்தே நான் வருவது ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

நான் பெரியப்பா வீட்டில் வளர்ந்தவன். பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன், பினாங்கில் ஒரு கடையில் வேலை பார்த்தார். ஜப்பான்காரன் அங்கே நுழைந்த பிறகு அவரிடமிருந்து கடிதம் நின்றுபோனது. அவர் மனைவி, என் மதினி, எங்களோடு இருந்தார். மதினியின் தாய் வீடு ரோட்டோடு போனால் மூன்று கண்மாய் தள்ளி. அந்தப் பொங்கலுக்குத் தன்னை வந்து பார்க்கச் சொல்லி அவருடைய ஆத்தா ஆள் அனுப்பியிருந்தது. அறுப்பு முடியட்டும் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். வீட்டில் அண்ணன் இல்லாததால் களத்து வேலை முழுவதும் மதினி தலையில்தான் இருந்தது. அவரும் மறுபேச்சுப் பேசவில்லை.

எங்கள் பக்கம் சாவுச் சேதியைச் சாவு என்று சொல்ல மாட்டார்கள். சேதி கொண்டுவருகிறவன் வாசலிலேயே நிற்பான். "ரொம்ப முடியலை, வரச் சொன்னாக" என்பான். உயிர் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்பான். பெற்ற பிள்ளைகள் வழியிலேயே விழுந்துவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். அவன் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டான். அதைப் பார்த்துத்தான் கேட்கிறவர்கள் உண்மையைத் தெரிந்துகொள்வார்கள்.

மாசி மாதம் ஒரு காலையில் மதினியின் ஊர்க்காரர் ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். ஆட்டு வியாபாரி. தோளில் துண்டு, கையில் தொரட்டி. உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"ஒங்க ஆத்தாவுக்கு ரொம்ப முடியலை தாயி. ஒடனே வரச் சொன்னாக."

மதினி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "உசிரு இருக்கா?"

"இருக்கு தாயி, இருக்கு. நீங்க கிளம்பி வாங்க."

பெரியப்பா செம்பில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நான்தான் கொண்டுபோய் நீட்டினேன். அவர் தெருமுனையைப் பார்த்துக்கொண்டே, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வேகமாகப் போய்விட்டார். பெரியப்பா என்னைப் பார்த்தார். மதினி அந்தச் செம்பைப் பார்த்தார். பிறகு கொண்டையை அவிழ்த்துவிட்டு, முறத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

அழுகை அடங்கியதும் அவர் எழுந்து, நடந்தே போய்விடுகிறேன் என்றார். பெரியப்பா தடுத்தார். அவர் கடுமையான மனிதர் அல்ல. ஆனால் கட்டிக்கொடுத்த மகள் இழவு வீட்டுக்குள் வெறுங்கையோடு நுழையக் கூடாது. பிணத்துக்குப் போர்த்த மாமனார் வீட்டார் எடுக்கும் கோடிச் சேலையோடு போக வேண்டும், கூடவே பங்காளி வீட்டுப் பெண்கள் வர வேண்டும். இல்லையென்றால் காலமெல்லாம் பேச்சு.

"ஒருவேளை உசிரோட இருந்தா, மாமா?" என்று மதினி கேட்டார்.

"அப்படித்தாம்மா சொல்லுவாக" என்றார் பெரியப்பா.

கோடி எடுத்து வரும் வேலை எனக்கு வந்தது. "வேகமாப் போறேன்னு சரளைல மூஞ்சியத் தேச்சுக்கிட்டு வந்துறாத. ஒரு இழவு போதும்" என்று சொல்லி அனுப்பினார் பெரியப்பா.

துணிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். கார்டு இல்லாமல் சேலை தர மாட்டார்கள். பொன்னமராவதி ஜவுளிக் கடைக்காரரிடம் இழவுக்கு என்றேன். அவர் நம்பாமல் பார்த்தார். இந்த மாதம் பாதி ஊர் அதைச் சொல்லித்தான் சேலை கேட்கிறது, இத்தனை பிணம் விழுந்தால் தூக்க ஆள் எங்கே இருக்கும் என்றார். நிசமாகவே செத்துப் போச்சா என்று கேட்டார். செத்துப் போச்சு என்று நான் உறுதியாகச் சொன்னேன். உள்ளே போய் ஒரு சிவப்புச் சேலையை எடுத்து வந்து, காகிதம் இல்லை என்று அப்படியே கொடுத்தார். அதைக் கேரியரில் வைத்துக் கட்டினேன்.

திரும்பும்போது இரண்டாவது இறக்கத்தில் முன் டயரில் கருவேல முள் ஏறியது. நிழலே இல்லாத இடம். டியூபை வெளியே இழுத்து, அருகில் வாய்க்காலில் தேங்கியிருந்த தண்ணீரில் முக்கி ஓட்டையைத் தேடி, ஒட்டுப் போட்டுக் காற்றடித்து முடிக்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கை முழுக்கச் செம்மண். சேலையில் படாமல் இருக்கக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

வீட்டில் வண்டி பூட்டித் தயாராக இருந்தது. மதினியும் பங்காளி வீட்டுப் பெண்கள் மூவரும் ஏறிக்கொண்டார்கள். பெரியப்பா ஓட்டினார். சேலையை என் கேரியரிலேயே விட்டுவிட்டார்கள். வண்டிக்குப் பக்கத்தில் நான் சைக்கிளில் போனேன். சரளை ஏற்றத்தில் மாடுகள் திணறின. ஒவ்வொரு மேட்டிலும் பெரியப்பா இறங்கி வண்டியைத் தள்ளினார். முதல் கண்மாய் தாண்டியதும் மதினி வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"தம்பி, நீங்க முன்னாடி போங்க. நான் வர்றதுக்குள்ள எடுத்துற வேணாம்னு சொல்லுங்க. மொகத்தப் பார்த்துக்கிறேன்."

நான் மிதித்தேன். அந்த ஏற்ற இறக்கங்களை அவ்வளவு வேகமாக நான் அதற்கு முன் கடந்ததில்லை. இறக்கங்களில் முன் பிரேக்கைப் பிடிக்கப் பயம். பிடித்தால் சரளையில் வழுக்கும். பிடிக்காமலே விட்டேன். பின் டயர்க் கயிறு தட்டும் சத்தம் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே இரைச்சலாகக் கேட்டது.

மதினியின் தாய் வீட்டு வாசலில் பந்தல் இல்லை. கொட்டுச் சத்தம் இல்லை. அடுப்புப் புகை கூரைக்கு மேல் வந்துகொண்டிருந்தது. இழவு வீட்டில் அடுப்பு எரியாது. மதினியின் தம்பி வெளியே வந்தார்.

"அக்கா எங்க? காலையிலேருந்து ஆத்தா கேட்டுக்கிட்டே கெடக்கு."

அவர் பார்வை என் கேரியருக்குப் போனது. சிவப்புச் சேலையைப் பார்த்தார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆட்டு வியாபாரியிடம் சொல்லி அனுப்பியது தான்தான் என்றார். அவர் தண்ணீர் குடிக்காமல் போனதைச் சொன்னேன். சந்தைக்குப் போகிற மனிதர், தெருமுனையில் குட்டிகளைக் கட்டாமல் நிறுத்திவிட்டு வந்திருப்பார் என்றார். தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் அதுதான்.

சேலையை அவிழ்த்து அவரிடம் கொடுத்துவிட்டு, வந்த வழியே திரும்பினேன். மூன்றாவது கண்மாய்க் கரையில் வண்டி எதிர்ப்பட்டது. உயிரோடுதான் இருக்கிறது என்று கத்திச் சொன்னேன். வண்டியில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மதினி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை.

"நீங்களும் அதையே சொல்றீங்களா, தம்பி?"

சத்தியம் செய்தேன். அதையும் அவர்கள் கேட்டிருக்கிறார்கள். எல்லாச் சாவுச் சேதியும் சத்தியத்தோடுதான் வரும். என் கேரியரில் சேலை இல்லாததை ஒரு பெண் சுட்டிக்காட்டினாள். போர்த்திவிட்டார்கள், அதுதான் என்றாள். பெரியப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் சந்தேகம் வந்தது. மாடுகளை அடித்து ஓட்டினார். ஆனால் தெருவுக்குள் நுழைந்ததும் வண்டியிலிருந்த பெண்கள் குதித்து இறங்கி, கையைக் கோத்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். மதினி தலைவிரி கோலமாக முன்னால் ஓடினார்.

உள்ளே கட்டிலில் கிடந்த அம்மாளுக்குக் காது நன்றாகக் கேட்டது. நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அது மெதுவாகத் தலையைத் திருப்பி மகனிடம், "யாருடா செத்தது?" என்று கேட்டது.

மகன் பதில் சொல்வதற்குள் மதினி உள்ளே வந்துவிட்டார். திறந்திருந்த கண்களைப் பார்த்து அப்படியே நின்றார். பிறகு கட்டிலோரம் விழுந்தார். அம்மாள் அவர் தலைமுடியைப் பார்த்தது. வாசலில் நின்ற, அழுகையை நடுவில் நிறுத்திய பெண்களைப் பார்த்தது. மூலையில் கிடந்த புதுச் சேலையைப் பார்த்தது. புருஷனை இழந்தவளுக்கும் தாய் வீட்டில் கோடி எடுப்பார்கள். அதற்குப் புரிந்தது ஒன்றுதான்.

"பினாங்குலேருந்து சேதி வந்துருச்சா?"

மதினி இல்லை என்றார். திரும்பத் திரும்ப இல்லை என்றார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லாத்தான் இருக்காரு என்றார். அம்மாள் கையை எடுத்து மதினியின் கழுத்தைத் தடவியது. தாலி இருந்தது. ஆனால் அது கருமாதி அன்றைக்குத்தானே அவிழ்ப்பது. நோயாளியிடம் யார் உண்மையைச் சொல்லுவார்கள்? அம்மாளுக்கும் அந்த வழக்கம் தெரியும். "எம் மகளுக்கு இப்படி ஆயிருச்சே" என்று முனகியது. அதற்குப் பிறகு பேசியதெல்லாம் அதுதான். மதினி ஆத்தாவிடம் சொல்ல நினைத்திருந்தது எதுவோ, அதைச் சொல்ல இடமே கிடைக்கவில்லை. மகள் விதவையாகிவிட்டாள் என்ற துக்கத்திலேயே அன்று அந்தியில் அந்த அம்மாள் இறந்தது. நான் வாங்கிப்போன சேலைதான் போர்த்தினார்கள்.

அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. பெரியப்பா மட்டும் சில நாள் சாப்பாட்டில் குறை சொல்வதை நிறுத்தியிருந்தார். மதினி வழக்கம்போல் வேலை செய்தார். நான் பத்திரிகை கொண்டுவரும் நாட்களில், பினாங்கு பற்றி ஏதாவது போட்டிருக்கிறதா என்று கேட்பார். இல்லை என்றால், இல்லை என்று சொல்லச் சொல்வார்.

யுத்தம் முடிந்து கப்பல் விட்ட பிறகு அக்கரையிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு நாள் முற்பகலில் அண்ணனோடு ஒரே கடையில் வேலை பார்த்தவர் எங்கள் வாசலுக்கு வந்தார். மெலிந்து, பல் விழுந்து, எங்கோ தைத்த காக்கிச் சட்டை போட்டிருந்தார். பெரியப்பா உள்ளே கூப்பிட்டார். அவர் வாசலிலேயே நின்றார். அண்ணனை ரயில் ரோடு போடச் சயாமுக்குக் கூட்டிப்போனார்கள் என்றார். அங்கே காய்ச்சல் என்றார். இப்போது கொஞ்சம் முடியாமல் இருக்கிறது, தேறி அடுத்த கப்பலில் வந்துவிடுவார் என்றார்.

மதினி செம்பில் தண்ணீர் எடுத்து வந்து அவர் முன்னால் நீட்டினார். அவர் கை நீட்டவில்லை.

"குட்டி எதையும் தெருவுல நிறுத்திட்டு வரலையே?" என்று மதினி கேட்டார். அவருக்கு அது புரியவில்லை. மதினி செம்பை நீட்டியபடியே நின்றார். "செத்துட்டாருன்னா செத்துட்டாருன்னு சொல்லுங்க. இங்க யாரும் விழ மாட்டோம். ஒங்களக் கோவிச்சுக்க மாட்டோம்."

அவர் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா தலையை ஆட்டினார்.

"செத்துட்டாரு தாயி. நாந்தேன் மண்ணுப் போட்டேன்."

மதினி கையிலிருந்த செம்பு கீழே இறங்கவில்லை.

"சொல்லிட்டீங்கல்ல. வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணியக் குடிங்க."

அவர் வாங்கிக் குடித்தார். சாவுச் சேதி சொன்னவர் ஒருவர் அந்த வீட்டிலேயே தண்ணீர் குடித்ததை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் மதினி கொண்டையை அவிழ்த்தார்.

அவருடைய தம்பிக்குச் சேதி சொல்ல நான் சைக்கிளை எடுத்தேன். மதினி அழுகைக்கு நடுவே எழுந்து வாசல் வரை வந்தார்.

"முடியலைன்னு சொல்லிறாதீங்க தம்பி" என்றார்.

முந்தின நாள் மழை பெய்து சரளை படிந்திருந்தது. வேகமாகப் போக முடிந்தது, போகவில்லை. ஏற்றங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். கயிறு தட்டும் சத்தம் கேட்டு அவர் தம்பி தெருவுக்கே வந்து நின்றிருந்தார். முதலில் கேரியரைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. நான் சைக்கிளை விட்டு இறங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.